சீதன வீட்டின் உறுதி: மருதமுனை நாவல் ஒன்று பதிப்பாசிரியரிடம் போன விதம்

ஒரு நாவலை எழுதி முடித்தவர் அதைப் பதிப்பாசிரியருக்கோ இலக்கிய முகவருக்கோ அனுப்புவதற்கு முன்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதை ஒரேயொரு கைப்பிரதியை வைத்துச் சொல்லப் போகிறேன். எழுதியவர் கிழக்கிலங்கையில் அம்பாறை மாவட்டம் மருதமுனையைச் சேர்ந்தவர். என்னிடம் தமிழ் படித்தவர், இப்போது அவரும் ஆசிரியை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். புத்தகம் இன்னும் அச்சேறவில்லை என்பதால் அவர் பெயரையும் நாவலின் தலைப்பையும் விட்டுவிட்டேன்.

கிழக்கில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஊருக்கு நாலு பேராவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம்மை முன்பின் அறியாத ஒருவருக்கு, இந்தப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு பக்கத்தில் சொல்லிப் பழகியவர்கள் மிகக் குறைவு. அந்தப் பழக்கம் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. இந்தக் கைப்பிரதியில் நாங்கள் செய்த வேலை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது.

நம் ஊர் வழி

இங்கே புத்தகம் வருகிற விதம் எல்லோருக்கும் தெரியும். எழுதியவரே காசு போட்டு முந்நூறோ ஐந்நூறோ பிரதி அடிப்பார். மூத்தவர் ஒருவர் அணிந்துரையும் இன்னொருவர் வாழ்த்துரையும் கொடுப்பார்கள். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா நடக்கும். முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் பெற்றுக்கொள்வார். வந்தவர்கள் என்வலப்பில் தங்களால் முடிந்ததை வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்கிப் போவார்கள். அச்சுக்கூலி ஓரளவு திரும்பி வரும். இந்த வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் கிழக்கின் எழுத்தைக் காப்பாற்றியது இதுதான். வெளிப்பதிப்பகம் எதுவும் எட்டிப் பார்க்காத காலத்தில் நமக்கு வேறு கதவு இருக்கவில்லை.

ஆனால் அந்த விழாவுக்கு வருகிறவர் எழுதியவரைத் தெரிந்ததால் வருகிறார். சொந்தம், படிப்பித்தவர், கூடப் படித்தவர், பள்ளிவாசல் பழக்கம், கோயில் பழக்கம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். சென்னையிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் பதிப்பாசிரியருக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ மின்னஞ்சல்களுக்கு நடுவே நம்முடையதைத் திறக்கிறார். அவர் நமக்குக் கொடுப்பது சில நிமிடம். அந்த நிமிடங்களுக்காகத்தான் ஆயத்தம்.

கையில் இருந்தது

ஆசிரியை என்னிடம் கொண்டுவந்தது சுமார் ஐம்பத்தைந்தாயிரம் சொற்கள் கொண்ட நாவல், இரண்டு பக்கக் கடிதம், மூன்று அணிந்துரைகள். எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன.

பாமினி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலங்கையிலிருந்து போகிற பிரதிகள் பல இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். பெறுகிறவர் அதைச் சரிசெய்து வாசிக்க வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு தடவை வரிவரியாக வாசித்தே ஆகவேண்டும். இந்தப் பிரதியில் மேற்கோள் குறிகள் பல இடங்களில் வேறு எழுத்துகளாக மாறியிருந்தன, சில கொம்புகள் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டியிருந்தன. அதைத் திருத்துவது அலுப்பான வேலை. ஆசிரியை அதைப் பள்ளி விடுமுறையில் தானே உட்கார்ந்து செய்தார்.

கடிதம்

முதல் கடிதத்தின் தொடக்கம் இப்படி இருந்தது:

“கிழக்கிலங்கையின் முஸ்லிம் மக்களின் வாழ்வியலையும் பண்பாட்டு விழுமியங்களையும் சுனாமி அனர்த்தத்தின் பின்னணியில் மண்வாசனையோடு பதிவு செய்யும் ஒரு சிறு முயற்சியே இந்நாவல். இலக்கிய உலகில் சிறியவளாகிய நான் இதில் காணப்படும் குறைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.”

அதன் பிறகு அவர் படித்த பாடசாலைகள், கிடைத்த பரிசுகள், வானொலியில் வாசித்த கவிதைகள், நன்றி சொல்ல வேண்டியவர்கள். இரண்டு பக்கம் முடிந்தும் நாவலில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று ஒரு வரி இல்லை. இது அவரிடம் மட்டும் உள்ள குறை இல்லை. வெளியீட்டு விழா அழைப்பிதழிலும் முன்னுரையிலும் நாம் பேசுகிற பாஷை இதுதான். அடக்கம் அங்கே மரியாதை. ஆனால் குறைகளைப் பொறுக்கச் சொல்லித் தொடங்குகிற கடிதம் வாசிப்பவரைக் குறைகளைத் தேட வைக்கும்.

பிரதியை வாசித்தபோது நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரிந்தது. அது ஒரு வீட்டின் கதை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் மகளுக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், பெண்ணின் பெயரில் இருக்கும். நாவலில் ஒரு நெசவுக்கார வாப்பா தறிகளை ஒவ்வொன்றாக விற்று மூத்த மகளுக்குக் கடலோரத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அந்த வீட்டைக் கொண்டுபோகிறது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவிக்கிறது. உள்பக்கத்தில் புதிய வீடு கிடைக்கிறது. ஆனால் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் புருஷனின் பெயர் எழுதப்படுகிறது. நிவாரண வீடுகளில் பல இடங்களில் உண்மையாகவே இப்படித்தான் நடந்தது, ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போன வீடு ஒரு படிவத்தில் கை மாறிவிடுகிறது. நாவலில் அந்தப் புருஷன் பிறகு விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறான். மூத்தவள் பிரதேச செயலகத்தின் படிகளில் ஏறி இறங்குகிறாள். வீட்டில் தங்கை கலியாணத்துக்கு நிற்கிறாள், அவளுக்குக் கொடுக்க வாப்பாவிடம் மிஞ்சியது ஒரு தறி.

இவ்வளவும் உள்ளே இருக்க, கடிதம் மண்வாசனை பற்றிப் பேசியது.

“இதை ஏன் கடிதத்தில எழுதல்ல புள்ள?” என்று கேட்டேன்.

“இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே டீச்சர். இதில என்ன புதுசு?”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. மருதமுனையில் இருப்பவருக்கு இது காற்று மாதிரி. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு மகள் பெயரில் வீடு கொடுப்பதே புதிய செய்தி. அங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். லண்டனில் இருப்பவர் சுனாமியைப் படத்தில் பார்த்திருப்பார், படிவத்தில் தொலைந்த வீட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நமக்குச் சொல்லத் தேவையில்லாததாகத் தோன்றுவதை முதல் வரியில் வைக்க வேண்டிவருகிறது. நம் பகுதி எழுத்தாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கடிதம் பல திருத்தங்களுக்குப் பிறகு இப்படி நின்றது:

“மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மருதமுனை நெசவாளி ஒருவர் தறிகளை விற்று மூத்த மகளுக்குக் கட்டிக் கொடுத்த சீதன வீடு 2004 சுனாமியில் அழிகிறது. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் நிவாரண வீட்டின் பத்திரம் அவளுடைய கணவன் பெயரில் எழுதப்படுகிறது. அவன் அவளை விட்டுப் போகத் தயாராகும்போது, தாய்வழியாக வந்த வீட்டுரிமையைத் திரும்பப் பெற அவள் அலுவலகங்களோடும் ஜமாஅத்தோடும் சொந்தத் தங்கையின் கலியாணத்தோடும் மோத வேண்டிவருகிறது.

நாவல் 55,000 சொற்கள், முழுமையாக எழுதி முடிக்கப்பட்டது, வேறெங்கும் வெளிவராதது. உரையாடல் கிழக்கிலங்கை முஸ்லிம் பேச்சு வழக்கிலும் கதைசொல்லல் பொதுத் தமிழிலும் அமைந்துள்ளது.

நான் மருதமுனையில் பிறந்து வளர்ந்தவள். நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த தமிழாசிரியை. சுனாமிக்குப் பின் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் இணைப்பில் உள்ளன. முழுப் பிரதியும் தயாராக உள்ளது.”

கடைசிப் பகுதியில் படிவம் நிரப்பிக் கொடுத்த செய்தியை எழுத அவர் மிகவும் தயங்கினார், அது பெரிய தகுதியா என்று கேட்டார். இந்த நாவலுக்கு அதைவிடப் பெரிய தகுதி கிடையாது. பரிசுகளின் பட்டியலை எடுத்துவிட்டு அந்த ஒரு வாக்கியத்தை வைத்தோம். அணிந்துரைகள் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். புத்தகம் அச்சுக்குப் போகும்போது பதிப்பகம் கேட்டால் கொடுக்கலாம். விண்ணப்பிக்கும் கட்டத்தில் அவை வாசிப்பவருக்கும் பிரதிக்கும் நடுவில்தான் நிற்கும்.

சுருக்கமும் முதல் பக்கங்களும்

கதைச் சுருக்கத்தில் முடிவையும் எழுத வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

“முடிவையும் எழுதிட்டா மறுகா ஏன் டீச்சர் முழுசா வாசிக்கப் போறாங்க?”

சுருக்கத்தை வாசிப்பவர் தன் காசைப் போட்டு அச்சடிக்கலாமா என்று யோசிக்கிறவர். கதை கடைசி வரை தாக்குப் பிடிக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பின்னட்டையில் வைக்கிற மர்மம் இங்கே வேலை செய்யாது. ஒரே பக்கம், நிகழ்காலத்தில், முக்கியமான மூன்று நாலு பாத்திரங்களின் பெயர் மட்டும். நாவலில் வருகிற மாமிமார், மச்சிமார் அத்தனை பேரையும் சுருக்கத்துக்குள் கொண்டுவந்தால் வாசிப்பவர் உறவுமுறையிலேயே தொலைந்து போவார்.

இந்தச் சுருக்கத்தை எழுதியபோது ஒரு நல்லது நடந்தது. நடுவில் தங்கையின் பகுதி ஏன் வருகிறது என்பதை அவரால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. பிரதியைத் திறந்து பார்த்தோம். தங்கை கலியாணப் பேச்சு இரண்டு அத்தியாயம் ஓடியும் மூத்தவளின் வீட்டுப் பிரச்சினையோடு முட்டவே இல்லை. அவர் அதைத் திரும்ப எழுதினார். இப்போது தங்கைக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார், அக்காவின் வழக்கை நிறுத்தினால்தான் சம்பந்தம் என்கிறார்கள். நாவல் இறுகிவிட்டது. அனுப்பாவிட்டாலும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

முதல் அத்தியாயம் மருதமுனையின் வரலாறாக இருந்தது. ஊர்ப் பெயர், நெசவு வந்த விதம், 1977 க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் வெளிநாட்டுச் சாரங்கள் (லுங்கிகள்) வந்து குவிந்து தறிகள் படுத்தது. அருமையான செய்திகள், நன்றாகவும் எழுதியிருந்தார். ஆனால் மூன்று அத்தியாயம் மட்டும் அனுப்புகிற இடத்தில் ஒன்றை வரலாற்றுக்குக் கொடுத்துவிட முடியாது. இப்போது நாவல், தறியைப் பிரித்து விற்கிற காலைப்பொழுதில் தொடங்குகிறது. வாங்க வந்தவன் மரத்தைத் தட்டிப் பார்க்கிறான், உம்மம்மா முகம் கொடுக்காமல் உள்ளே இருக்கிறாள், மூத்தவள் தேத்தண்ணி கொடுக்கிறாள். வரலாறு அந்தப் பேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

யாருக்கு, எப்போது

தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளருக்காகப் பேசுகிற முகவர் என்ற ஏற்பாடு கிட்டத்தட்ட இல்லை. எழுதியவரே பதிப்பகத்துக்கு எழுத வேண்டும். ஆகவே பதிப்பகத்தின் பட்டியலை வாசிப்பது ஆயத்தத்தில் ஒரு பெரிய பகுதி. ஈழத்து எழுத்தைத் தொடர்ந்து வெளியிடுகிற பதிப்பகங்கள் தமிழ்நாட்டில் உண்டு, காலச்சுவடு, கருப்புப் பிரதிகள் போல. ஒரு பதிப்பகம் கடந்த சில வருடங்களில் என்னென்ன நாவல் போட்டது, அதில் பேச்சு வழக்கை எப்படிக் கையாண்டது என்று பார்த்துத்தான் அனுப்பும் பெயர்களைத் தேர்ந்தோம். வெறும் கவிதையும் கட்டுரையும் போடுகிற இடத்துக்கு நாவல் அனுப்புவதில் இருவருக்கும் பயனில்லை.

காலம் பார்ப்பதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி சாதாரணமாக ஜனவரியில் நடக்கும். அதற்கு முந்திய மூன்று மாதமும் பதிப்பகங்கள் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். நவம்பரில் போகிற புதியவரின் மின்னஞ்சல் அடியில் போய்விடும். பெப்ரவரி கடந்து அனுப்பினோம்.

கதையை யாரும் எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு, பதிவு செய்யத் தேவையில்லை, அது ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் நிற்கும். அனுப்பிய மின்னஞ்சல்களைத் திகதியோடு வைத்திருந்தால் போதும்.

இன்னொன்று. பணம் கட்டினால் உலகம் முழுக்க வெளியிட்டுத் தருகிறோம் என்று இடையில் ஒருவர் அவரைத் தொடர்புகொண்டார். சொந்தக் காசில் அச்சடிப்பது வேறு, அதை நாம் தெரிந்தே செய்கிறோம். விண்ணப்பத்தை வாசிப்பதற்கே பணம் கேட்கிறவரிடம் போகக்கூடாது. முகவரும் அப்படித்தான். நேர்மையான முகவர் புத்தகம் விற்ற பிறகுதான் தன் பங்கை எடுப்பார், உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் என்பது ஆங்கில உலகின் பொதுவான கணக்கு.

ஆங்கில வழி

ஆங்கில முகவருக்கும் உடனே அனுப்பலாமா என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில் வாசிக்க ஒன்றும் இல்லாமல் அனுப்ப முடியாது. பிரித்தானிய முகவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரு கடிதம், ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் அல்லது ஐம்பது பக்கம். அமெரிக்காவில் கடிதத்துக்குத்தான் முதலிடம், பக்கங்கள் குறைவாகக் கேட்பார்கள். புனைவு முழுமையாக முடிந்திருக்க வேண்டும், கட்டுரை நூலென்றால் திட்டமும் மாதிரி அத்தியாயமும் போதும். ஒவ்வொரு முகவரும் தன் தளத்தில் என்ன கேட்டிருக்கிறாரோ அதையே அனுப்ப வேண்டும். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம்.

மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளரே பல நேரம் புத்தகத்தின் தூதர். மாதிரிப் பகுதி ஒன்றை மொழிபெயர்த்து, நூலைப் பற்றிய அறிக்கையோடு சிறு பதிப்பகங்களுக்கு அவர் எழுதுவார். பிரித்தானியாவின் எழுத்தாளர் அமைப்பான இங்கிலிஷ் பென் 2022 இல் தொடங்கிய பென் பிரசன்ட்ஸ் திட்டம் இப்படியான மாதிரி மொழிபெயர்ப்புகளுக்கே பணம் கொடுக்கிறது. நம் நாட்டில் கிரேஷியன் அறக்கட்டளை வழங்கும் எச். ஏ. ஐ. குணத்திலக்க பரிசு சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வருகிற மொழிபெயர்ப்புக்கானது. தமிழ் எழுத்தாளர்கள் இவற்றை இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

ஆங்கிலக் கடிதத்தில் ஒப்பிடக்கூடிய அண்மைக்கால நூல்களைச் சொல்வது வழக்கம். 2025 இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைகள், தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற செய்தி வந்ததும் அதையே ஒப்பீடாக வைக்க ஆசிரியை விரும்பினார். முஸ்லிம் பெண்களின் குடும்ப வாழ்க்கை என்ற ஒற்றுமை உண்மைதான். ஆனால் பரிசு பெற்ற பெரிய நூலைக் காட்டினால் அதே அளவு எதிர்பார்ப்பு வந்து உட்காரும். ஒரே களத்தில் நிற்கிற, அவ்வளவு பேசப்படாத நூல் ஒன்றையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

வெளிவாசகருக்காகப் பிரதியை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. இலங்கை ஆங்கில எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் புக்கர் நாவல் 2020 இல் இந்தியாவில் வேறு தலைப்பில் வந்தது. பிறகு பிரித்தானியப் பதிப்புக்காக, இலங்கை அரசியல் தெரியாதவர்களும் உள்ளே வரும்படி அவர் அதைத் திருத்தி எழுதினார், 2022 இல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய எழுத்தாளரே அதைச் செய்திருக்கிறார். ஆனால் அதைப் பதிப்பாசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும், யாரும் கேட்பதற்கு முன்னால் நாமாகவே பேச்சு வழக்கைத் துடைத்துவிடக் கூடாது.

இப்போதைய நிலை

தமிழ்நாட்டில் அனுப்பிய இடங்களில் ஒரு பதிப்பகம் இரண்டே வரியில் மறுத்தது. இன்னொன்று பதிலே போடவில்லை. ஒரு பதிப்பகம் முழுப் பிரதியைக் கேட்டது, வாசித்தது, எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதன் ஆசிரியர் முதலில் கேட்ட கேள்வி, நிவாரண வீடு உண்மையாகவே ஆண்கள் பெயரில்தான் எழுதப்பட்டதா என்பது. கடிதத்தின் அந்த வரியில்தான் அவர் நின்றிருக்கிறார்.

ஒப்பந்த வரைவில் எல்லா மொழிகளுக்குமான மொழிபெயர்ப்பு உரிமையும் திரைப்பட உரிமையும் பதிப்பகத்துக்கு என்று இருந்தது. தமிழ்ப் பதிப்பு உரிமையை மட்டும் குறிப்பிட்ட வருடங்களுக்குக் கொடுத்து, மற்றவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்படி எழுதச் சொன்னேன். கேட்டால் கோபித்துக்கொண்டு புத்தகத்தையே விட்டுவிடுவார்களோ என்று அவர் பயந்தார். மரியாதையாக, காரணத்தோடு எழுதினார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். உரிமைத்தொகை பத்து சதவீதம், ஆசிரியர் பிரதிகள் இலங்கைக்கு எப்படி வரும், வருடத்துக்கு ஒரு தடவை விற்பனைக் கணக்கு ஆகியவையும் எழுத்தில் வந்துவிட்டன.

ஒலுவிலில் வேலை செய்யும் ஒருவர் மாதிரி மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருக்கிறார். தறி விற்கும் அத்தியாயத்தையும், மூத்தவள் பிரதேச செயலகத்தில் தன் பழைய உறுதியின் நனைந்த நிழற்பிரதியை மேசையில் விரித்து வைக்கிற அத்தியாயத்தையும் எடுத்திருக்கிறார். ஒக்டோபரில் பிராங்பேர்ட் புத்தகச் சந்தைக்காக முகவர்கள் பரபரப்பாக இருப்பார்கள். ஆகவே அது முடிந்து நவம்பர் நடுப்பகுதியில் முதல் ஆங்கிலக் கடிதம் போகும். தொடங்குகிற வாக்கியம் தமிழ்க் கடிதத்தில் இருக்கிற அதே வாக்கியம்.